ஐம்பது துவைப்புக்கு உத்தரவாதம்

மருதாயிக்கு வாய் சும்மா இருக்காது. அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், அதையும் ஒரு குறையாகச் சொல்வார்கள். பதினான்கு வருடமாக அங்கே படுத்து எழுந்து போனவர்களுக்கு அந்த வாய் எவ்வளவு பெரிய காவலாக இருந்தது என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் ஒரு நாள், திறந்தே ஆக வேண்டிய ஒருத்தியிடம் அந்த வாய் திறக்காமல் போனது. அதுதான் இந்தக் கதை.

மருதாயிக்கு நாற்பத்தேழு வயது. வல்லத்திராக்கோட்டையில் வீடு. கணவர் ரெங்கசாமிக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். ஆழ்துளைக் கிணறு வற்றிப்போன வருடம், மருதாயி காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நாற்பது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. பிரசவமும் அறுவை சிகிச்சையும் அதிகம். அதன் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்ட சலவைப் பகுதி. இரண்டு பெரிய மிஷின், வெந்நீர்க் கொப்பரை ஒன்று, எட்டு வரிசைக் கொடிக்கம்பி. அதுதான் அவள் ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: ஆள் மாறினால் துணி மாற வேண்டும். படுத்தவர் பத்து நிமிடம்தான் படுத்திருக்கட்டும், விரிப்பு பளிச்சென்றுதான் இருக்கட்டும், அடுத்தவர் வருவதற்குள் அது மாடிக்குப் போய்விட வேண்டும். நர்ஸுகள் அசட்டையாக இருந்தால் அவளே கீழே இறங்கி வந்து உருவிக்கொண்டு போவாள். ரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். நேரே வெந்நீரில் போட்டால் கறை கெட்டித்துப் போகும். சீழுக்குக் கொதிக்கிற தண்ணீர். வெள்ளை விரிப்பு வெயிலில் மொடமொடவென்று காய்ந்து வரும்போது அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தாலும் மறுபடி கொப்பரைக்குத்தான்.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. இருபத்திரண்டு வயதில், வேறொரு ஊரில், தலைப்பிரசவத்துக்குப் போனபோது அவளை ஒரு கட்டிலில் ஏற்றினார்கள். முன்னே படுத்தவளின் ஈரம் அதில் இன்னும் காயவில்லை. வலி உயிர் போகிற நேரத்திலும் அந்தச் சில்லிப்பு முதுகில் ஏறியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளை பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகித் திருப்பூர் போனது. முதுகில் ஏறிய அருவருப்பு மட்டும் இறங்கவில்லை.

போன வருடம் தை மாதத்தில் புதுத் துணி வந்தது.

வந்த அன்று பெரிய ஏற்பாடு. கீழ்தளத்துக் கூட்ட அறையில் டீயும் சமோசாவும். கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கரும்பச்சை நிறத்தில் ஒரு விரிப்பைப் பிரித்துக் காட்டினார். இழையிலேயே வெள்ளிச் சத்து ஏற்றிய துணியாம். மேலே வந்து விழுகிற கிருமி சில மணி நேரத்தில் பெருமளவு செத்துவிடுமாம். பெரிய டாக்டரம்மா தலையாட்டினார். நிர்வாக மேலாளர் உதயசூரியன் கண்கொட்டாமல் பார்த்தார். துவைக்கப்போகிறவள் என்பதால் மருதாயியையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

"சார், அப்ப ஆள் மாறுனா இத மாத்த வேணாமா?"

"கட்டாயம் மாத்தணும்மா" என்றார் அந்தப் பையன். "இது கூடுதல் பாதுகாப்புதான். துவைக்கிறதுக்குப் பதில் இல்ல. ரத்தமோ வேர்வையோ மேல படிஞ்சிருச்சுன்னா கிருமிக்கும் துணிக்கும் நடுவுல அதுவே சுவராயிரும். அப்புறம் துணி என்ன பண்ணும்? வழக்கம்போலத் துவைங்க. பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்றாதீங்க, வெள்ளிச் சத்து போயிரும். ஐம்பது துவைப்பு வரைக்கும் இதோட சக்தி நிக்கும்னு எங்க உத்தரவாதம்."

மருதாயிக்கு அவரைப் பிடித்துப்போனது. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன முதல் ஆள். அவர் எத்தனை விஷயம் சொன்னார்! உதயசூரியன் காதில் ஏறியதோ ஒன்றே ஒன்று: ஐம்பது.

மறுநாளே மருதாயி கையில் சிவப்பு நூல்கண்டு வந்தது. ஒவ்வொரு விரிப்பையும் துவைக்கிறபோதெல்லாம் அதன் ஓரத்தில் ஒரு தையல் போட வேண்டுமாம், எத்தனை துவைப்பு ஆனது என்று பார்த்தாலே தெரியுமாம். சரி, நல்லதுதானே என்று அவளும் போட்டாள். மூன்று வாரம் கழித்து உதயசூரியன் மாடி ஏறி வந்தார். ஒரு விரிப்பை எடுத்துத் தையலை எண்ணினார். பதினாறு. அவர் முகம் செத்துப்போனது.

"என்ன மருதாயி, இப்பிடிப் போனா ரெண்டே மாசத்துல அம்பதும் முடிஞ்சிருமே!"

"ஆமா சார். ஆள் மாற மாற மாத்துறோம்ல."

"இது பழைய துணி மாதிரி இல்லங்க. கிருமியத் தானே கொல்ற துணி. நீங்க வீட்டுல பட்டுப்புடவைய வாரா வாரமா நனைக்கிறீங்க?"

"பட்டுப்புடவையக் கட்டிக்கிட்டு யாரும் ஆபரேசன் பண்ணிக்கிறதில்லையே சார்."

அவருக்கு அது ரசிக்கவில்லை. அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. கறை தெரிந்தால் மாற்றலாம். தெரியாவிட்டால் மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றினால் போதும், நடுவில் ஆள் மாறினாலும் சரி. படித்தவர், கைக்கடிகாரம் கட்டியவர், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருக்கிறவர் போட்ட உத்தரவு இது. அந்தத் துணியை வாங்கியதே நோயாளிக்குக் கிருமி அண்டக்கூடாது என்பதற்காக. இப்போது துணிக்குத் துவைப்பு அண்டக்கூடாது என்பதற்காக நோயாளி அழுக்கில் படுக்க வேண்டுமாம். துணியைக் காப்பாற்ற ஆளைப் பலி கொடுக்கிற புத்தியை எந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

அதோடு விட்டாரா? வாசலில் பெரிய எழுத்தில் பலகை மாட்டினார்: 'கிருமி அண்டாத படுக்கைகள்'. பிரசவத்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து பழைய வேட்டிகளை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மூட்டையாகக் கட்டி எடுத்து வருவது நம் பக்கத்து வழக்கம். பிள்ளையைச் சுற்ற, தாய்க்கு விரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதை வாசலிலேயே பிடுங்கி வைக்கச் சொன்னார். வீட்டுத் துணியில் கிருமி இருக்குமாம்!

துணி கரும்பச்சை என்று சொன்னேன் அல்லவா? வெள்ளைத் துணி ஒன்றையும் மறைக்காது, ஒரு சொட்டு பட்டாலும் ஊரைக் கூட்டிவிடும். கரும்பச்சையில் பாதி கறை கண்ணுக்கே தெரியாது. மருதாயி அதைக் கண்ணால் பார்த்துப் பயனில்லை என்று கண்டுகொண்டாள். உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். எங்கே விறைப்பாகக் கைக்குத் தட்டுப்படுகிறதோ அங்கே எதுவோ வடிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவள் சும்மா இருக்கவில்லை. திருட்டுத்தனமாகத் துவைக்க ஆரம்பித்தாள். உலகத்தில் திருடுகிறவர்கள் எதையெதையோ திருடுகிறார்கள். இவள் துவைப்பைத் திருடினாள். மத்தியானம் உதயசூரியன் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து நர்ஸ் அன்புச்செல்வி கீழிருந்து போனில் ஒரு 'மிஸ்டு கால்' கொடுப்பாள். மருதாயி இறங்கி வந்து நான்கைந்து விரிப்பை உருவிக்கொண்டு ஓடுவாள். சோப்பும் சுடுதண்ணீரும் மட்டும்தான். அந்தப் பையன் சொன்னபடி பிளீச்சிங் பவுடரைக் கிட்டவே சேர்க்க மாட்டாள். சிவப்புத் தையல் போட மாட்டாள். சித்திரை வெயிலுக்கு முக்கால் மணி நேரத்தில் காய்ந்து மறுபடி கட்டிலுக்குப் போய்விடும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் ஒரு நாள் உதயசூரியன் சாப்பிடப் போகாமல் மாடிக்கு வந்துவிட்டார். கொடியில் ஆறு விரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது. கையும் களவுமாக மாட்டினாள்.

"என்ன மருதாயி இது?" என்றார். அதுவரை 'வாங்க போங்க' என்றவர், அடுத்த வார்த்தையிலேயே இறங்கிவிட்டார். "யாரக் கேட்டுத் தொவைக்கிற நீ?"

"அழுக்கா இருந்துச்சு, தொவைச்சேன். இதுக்கு யாரக் கேக்கணும்?"

அன்றோடு துணி அறைச் சாவி அவர் இடுப்புக்குப் போனது. அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு விரிப்பும் மாடிக்குப் போகக் கூடாது, ஒரு விரிப்பும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது.

செங்கமலம் வந்தது அதற்கு அடுத்த வாரம். அறந்தாங்கிப் பக்கம், இருபத்து நான்கு வயது, தலைப்பிரசவம். கணவன் மஸ்கட்டில். அண்ணன் அய்யப்பன்தான் சரக்கு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தான். குழந்தை திரும்பியிருந்ததால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை.

அவளுக்கு ஒதுக்கியது ஆறாம் படுக்கை. அதில் சர்க்கரைப் புண்ணோடு நான்கு நாள் படுத்திருந்த ஒரு அம்மா அன்று காலை பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போனார். பதினொன்றுக்குச் செங்கமலத்தைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்துவிட்டார்கள். மருதாயி அதற்குள் ஆறாம் படுக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டாள். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு அட்டை மாதிரி விறைத்திருந்தது. நேரே உதயசூரியனிடம் ஓடினாள்.

"சார், ஆறாம் பெட்டுக்குச் சாவி குடுங்க. புண்ணு நீர் வடிஞ்சு காஞ்சு கெடக்கு."

அவர் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார்.

"கறை தெரியுதா? தெரியலல்ல? நேத்துதான மாத்துச்சு." ஒரு நிமிடம் யோசித்தார். "ஒனக்கு அம்புட்டுச் சங்கடமா இருந்தா, திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டார்கள். ஆமாம், நம்பத்தான் வேண்டும். புண் நீர் காய்ந்த விரிப்பைத் தோசையைத் திருப்பிப் போடுகிற மாதிரி திருப்பிப் போட்டு, அதன் மேல் வயிறு கிழித்துத் தைத்த பெண்ணைப் படுக்க வைத்தார்கள். அன்புச்செல்வி ஒரு ஓரத்தைப் பிடித்தாள். மறு ஓரத்தைப் பிடித்தது மருதாயியின் கை.

செங்கமலம் அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்தாள். "எம்புள்ள எங்கக்கா?" என்றாள்.

"இந்தா, கொண்டாந்துருவாக. நீ கண்ண மூடிப் படு தாயி" என்றாள் மருதாயி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஏழாம் நாள் தையல் பிரிந்து சீழ் வந்தது. அந்த மாதத்தில் மட்டும் அப்படி நான்கு பெண்கள். செங்கமலத்துக்குத்தான் முற்றிவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே மறுபடி வயிற்றைத் திறந்து கழுவினார்கள். பச்சைப் பிள்ளை ஒரு வீட்டில், தாய் ஒரு ஆஸ்பத்திரியில். பதினெட்டு நாள் அந்தப் பிள்ளை புட்டிப்பாலில் கிடந்தது. அய்யப்பன் சுகாதாரத் துறையில் மனுக் கொடுத்தான். விசாரணைக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த மறுநாள் மருதாயியைப் பெரிய டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மேசைக்குப் பின்னால். பக்கத்தில் உதயசூரியன். மேசை மேல் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"உட்காருங்க மருதாயி" என்றார் உதயசூரியன். மரியாதை திரும்பி வந்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. இதுல ஒரு கையெழுத்து."

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். மேலாளரின் அனுமதி இல்லாமல், கம்பெனியின் அறிவுரைக்கு மாறாக, புதிய விரிப்புகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் திருட்டுத்தனமாகத் துவைத்து அவற்றின் கிருமி எதிர்ப்புச் சக்தியை நான் கெடுத்துவிட்டேன். இப்படிக்கு என்று போட்டு, அவள் பேர்.

துவைக்காமல் வைத்தவர் நாற்காலியில், துவைத்தவள் குற்றவாளியாம்.

"நான் பிளீச்சிங் போடவே இல்ல சார்."

"போட்டீங்கன்னு யாரு கண்டா, போடலன்னு யாரு கண்டா? தையல் போடாமத் தொவைச்சது உண்மைதான?" குரலைத் தணித்தார். "ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராது. கேண்டீனுக்கு மாத்திருவோம், அம்புட்டுத்தான். புண்ணு பழுக்குறதுக்கு நூறு காரணம் இருக்குங்க, யாரும் உங்களத் தூக்குல போடப் போறதில்ல."

"நூறு காரணம் இருக்குன்னா அதுல எம் பேர மட்டும் எதுக்கு சார் டைப் அடிச்சீங்க?"

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மேசையைப் பார்த்தார். மருதாயி தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கை நீட்டிக் கேட்டாள். அவரும் கையெழுத்துக்குத்தான் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். அவள் எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. டாக்டரம்மா வாங்கி வாசித்தார்.

'அழுக்குத் துணிய தொவச்சேன். சோப்பும் சுடுதண்ணியும் போட்டு தொவச்சேன். ஆறாம் பெட்டுக்கு மாத்த சாவி கேட்டேன். குடுக்கல. திருப்பி போட சொன்னாங்க. நானும் திருப்பி போட்டேன். மருதாயி.'

வாசித்தவர் நிமிர்ந்து உதயசூரியனைப் பார்த்தார். "திருப்பிப் போட்டீங்களா?" என்றார். தன் மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்று கேட்க அவருக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது போல. உதயசூரியன் அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

"கிழிங்க சார்" என்றாள் மருதாயி. "இதே மாதிரி ஒண்ணு, கடுதாசி வந்த அன்னைக்கே எழுதி வச்சு, ரெக்கார்டு கேட்டு வந்து கீழ நிக்கிற அய்யப்பங்கிட்டக் குடுத்துட்டுத்தான் நான் இந்த ரூமுக்கு வந்தேன்."

பத்து நிமிடத்தில் அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். பதினான்கு வருட வேலைக்கு மிஞ்சியது ஒரு டிபன் டப்பா, ஒரு ஜோடிச் செருப்பு.

அவளைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்தி, 'நல்லாக் குடுத்தா பாரு!' என்று சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அன்று சாயங்காலமே அவள் அரசு மருத்துவமனைக்குச் செங்கமலத்தைப் பார்க்கப் போனாள்.

செங்கமலம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். மருதாயி கையில் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"யக்கா, ஒங்களுக்கு வேல போயிருச்சாமே."

"போனாப் போகுது தாயி."

செங்கமலம் பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரிதான் கேட்டாள்.

"அந்தத் துணி அழுக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? மேனேசர்ட்டச் சொன்னீங்க, சரி. இன்னைக்கு எழுதிக் குடுத்தீங்க, அதுவும் சரி. அன்னைக்கு நான் கண்ணு முழிச்சுத்தான கெடந்தேன்? எங்கண்ணே வாசல்லதான நின்னுச்சு? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் அதுல படுத்திருப்பேனா?"

அந்த விரிப்பினால்தான் சீழ் பிடித்தது என்று எந்த டாக்டரும் சத்தியம் பண்ணிச் சொல்லவில்லை. வேறு எதனாலும் வந்திருக்கலாம் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். அதைச் சொல்லி மருதாயி தப்பித்திருக்கலாம். உதயசூரியன் அப்படித்தான் தப்பித்தார். மேலாளர், டாக்டரம்மா, நர்ஸ் என்று எல்லோரிடமும் திறந்த வாய், அதில் படுக்கப்போகிறவளிடம் திறக்கவில்லை. பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. நோயாளியிடம் எதையும் சொல்லக் கூடாது என்று யாரோ எப்போதோ போட்ட உத்தரவு, அதை மட்டும் அவள் கேள்வியே கேட்காமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள். "தப்புத்தான் தாயி. சொல்லியிருக்கணும்."

விசாரணை வந்தது, போனது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உதயசூரியன் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். பலகையும் வாசலில் அப்படியேதான் தொங்குகிறது. அந்தப் பச்சைத் துணி என்ன பாவம் செய்தது? சொன்னபடி துவைத்திருந்தால் அதுவும் தன் வேலையைப் பார்த்திருக்கும்.

மருதாயிக்கு இப்போது திருக்கோகர்ணத்தில் ஒரு மகளிர் விடுதியில் துணி துவைக்கிற வேலை. பத்து மணிக்குப் போனால் போதும். ஆனால் அவள் அதே ஆறே முக்கால் பஸ்ஸில்தான் வருகிறாள். மருத்துவமனைக்கு எதிரே டவுன் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி நின்றுகொள்கிறாள். ரோடு அரசாங்கத்தினுடையது, யாரும் விரட்ட முடியாது. முதல் நாள் காவலாளி வந்து பார்த்தான். இரண்டாம் நாள் உதயசூரியனே வந்து, போலீஸில் சொல்லிவிடுவேன் என்றார். சொல்லுங்க என்றாள்.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் போகிறாள். மருத்துவமனையைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. "ஏத்தா, கட்டில்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளு. இந்த விரிப்பு யாருக்கு விரிச்சது, எனக்கா, எனக்கு முன்னால படுத்தவுகளுக்கான்னு கேளு. கேட்டுட்டு ஏறு." அவ்வளவுதான்.

போன திங்கள்கிழமை உள்ளே போனவர்களில் மூன்று பேர் அதைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் அன்புச்செல்வி உதயசூரியனிடம் சாவி வாங்கி வந்து விரிப்பை மாற்றினாள்.